மெதுவான அறிவியல் புனைபடங்கள்: பொறுமையா, பாசாங்கா?

2025 அக்டோபர் 26

"விண்வெளிப் படம் என்று உட்கார வைத்துவிட்டு, தண்ணீருக்குள் செடி அசைவதைக் காட்டுகிறார்கள். இதை ஆழம் என்று புகழ்பவர்கள் எல்லாம், தூக்கம் வந்ததை ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுபவர்கள்." ஈரோட்டு வாசகர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' (1972) தொடங்கும் விதத்தைத்தான் சொல்கிறார் என்பது தெளிவு.

தூக்கம் வந்ததா என்று கேட்டால், எனக்கும் வந்தது. அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. மெதுவான படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஒரு குடும்பக் கதையையோ கொலை வழக்கையோ மெதுவாகச் சொல்வதா விரைவாகச் சொல்வதா என்பது இயக்குநரின் விருப்பம். அறிவியல் புனைவுக்கு மட்டும் மெதுவாகச் செல்வதற்குத் தனியான ஒரு காரணம் இருக்கிறது என்பதே என் கட்சி. ஒரு கிரகம் எவ்வளவு பெரியது என்பதை ஒரே சட்டகத்தில் காட்டிவிடலாம். அங்கே போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும் என்பதை அப்படிக் காட்ட முடியாது. காலத்தை உணர்த்தப் பார்வையாளரின் காலத்தைச் செலவழிப்பதைத் தவிரத் திரைப்படத்துக்கு வேறு வழி இல்லை.

அக்டோபர் 27

'சொலாரிஸ்' பற்றி இன்னொன்று. அதில் ஒருவர் காரில் நகர நெடுஞ்சாலை வழியே போவதை ஏறக்குறைய ஐந்து நிமிடம் காட்டுகிறார்கள். சுரங்கம், மேம்பாலம், மறுபடியும் சுரங்கம். எதிர்கால நகரமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக அதை டோக்கியோவில் போய்ப் படமாக்கினார்கள். அந்தக் காட்சியைக் கேலி செய்யாத ஆளில்லை. ஆனால் இந்த மாதம் 9ஆம் தேதி அவினாசி சாலையில் ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறந்ததிலிருந்து என் வாட்ஸ்அப்பில் வந்து விழும் காணொளிகள் என்ன? உப்பிலிபாளையத்தில் ஏறிக் கோல்டுவின்ஸில் இறங்கும் வரை, பத்து கிலோமீட்டரையும் கார்க் கண்ணாடி வழியே வெட்டாமல் எடுத்து அனுப்புகிறார்கள், பார்த்துவிட்டு "சூப்பருங்க" என்று பதிலும் போடுகிறார்கள். கோவைக்காரர்களுக்குத் தார்க்கோவ்ஸ்கியைப் பழிக்கும் உரிமை இனி இல்லை.

நவம்பர் 1

பொள்ளாச்சியிலிருந்து ஒரு நண்பர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். காலத்தைச் செலவழித்தே காலத்தைக் காட்ட முடியும் என்றால், குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) செய்வது என்ன என்று கேட்கிறார். ஆதிகாலக் குரங்கு மனிதன் எலும்பை மேலே எறிகிறான். அடுத்த வெட்டில் அது விண்கலம். பல லட்சம் ஆண்டுகள் ஒரே வெட்டில் கடந்துவிடுகின்றன. பிறகு வியாழனுக்குப் போகும் கலத்தைக் காட்டும் முன், "18 மாதங்களுக்குப் பிறகு" என்று எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். மெதுவான படங்களுக்கெல்லாம் தலைச்சன் என்று சொல்லப்படும் படத்தில்தான் சினிமாவின் மிக நீண்ட தாண்டலும் இருக்கிறது.

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது என்பதால் அந்தப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் இருபத்தைந்து நிமிடத்துக்குப் பேச்சே இல்லை. முதல் காட்சிகளுக்குப் பிறகு குப்ரிக்கே ஏறக்குறைய 19 நிமிடத்தை வெட்டி எறிந்தார்; எஞ்சியதுதான் நாம் பார்க்கும் நீளம். அப்படியென்றால் எதை வைத்துக்கொள்வது, எதைத் தாண்டுவது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். எனக்குப் புலப்படும் கணக்கு இது: யாரும் காத்திருக்காத காலத்தை அவர் கூசாமல் தாண்டுகிறார், யாரோ ஒருவர் காத்திருக்கும் இடத்தில் நின்றுவிடுகிறார். விண்வெளி வீரர் போமன் சிறு கலத்தில் அமர்ந்து, கதவைத் திறக்கும்படி ஹால் என்ற கணினியிடம் கேட்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கிறார், பதில் இல்லை. மறுபடி பெயர் சொல்லி அழைக்கிறார், பதில் இல்லை. கருவிப் பலகையின் ஒளி முகத்தில் விழ, குரலை உயர்த்தாமல் திரும்பத் திரும்ப அழைக்கிறார். அந்த இடைவெளிகளை எவராவது சுருக்கியிருந்தால், பதில் தராத இயந்திரம் எவ்வளவு பயங்கரமானது என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஆகவே வாதத்தை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன்: மெதுவாகச் செல்வது காலத்தின் நீளத்தைக் காட்ட அல்ல, தெரியாத ஒன்றின் முன்னால் ஒருவர் காத்திருப்பதைக் காட்ட. அண்டத்துக்கு வயது எத்தனை கோடி ஆண்டுகளாகவும் இருக்கட்டும், காத்திருப்பவருக்கு நேரம் போவது நொடி நொடியாகத்தான்.

நவம்பர் 8

தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) பற்றித் தனியாக எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். எழுதுவதற்கு முன் நான் எங்கே வளர்ந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சோமனூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடும் ஓசைக்கு நடுவில் குழந்தைகள் தூங்கும், பெரியவர்கள் குரலை உயர்த்தாமல் பேசுவார்கள். அப்பா தறிக்கூடத்து வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அயர்ந்து தூங்குவார்; ஊடை நூல் தீர்ந்து ஒரு தறி நின்றதும் கண்ணைத் திறப்பார். மற்ற தறிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எழுந்து போகும்போதே எந்தத் தறி நின்றது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

'ஸ்டாக்கர்' படத்தில் ஒரு வழிகாட்டி, ஓர் எழுத்தாளர், ஒரு பேராசிரியர் என மூன்று பேர் தண்டவாளத்தில் ஓடும் சிறு மோட்டார் தள்ளுவண்டியில் ஏறித் தடைசெய்யப்பட்ட மண்டலத்துக்குள் போகிறார்கள். ஏறக்குறைய நான்கு நிமிடம். கேமரா அவர்களின் தலைகளுக்கு மிக அருகில் இருக்கிறது. பெரும்பாலும் பிடரியும் காதும் கன்னமுமே தெரிகின்றன. பின்னணியில் இடிந்த கட்டடங்களும் புதர்களும் தெளிவில்லாமல் நழுவுகின்றன. யாரும் பேசுவதில்லை. தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. முதல் நிமிடத்தில் அது தண்டவாளச் சத்தம். இரண்டாவது நிமிடத்தில் அதை நாம் கவனிப்பதை விட்டுவிடுகிறோம். பிறகு எப்போதோ ஒரு கட்டத்தில், அந்தத் தட்டல் தண்டவாளத்தில் பிறப்பதாக இல்லை, வேறெங்கிருந்தோ எதிரொலிக்கிறது என்று தோன்றுகிறது. இசையமைப்பாளர் எதுவார்த் அர்தெமியெவ் மின்னணுக் கருவியின் ஒலியை அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருக்கிறார். மாறியது எந்த நொடியில் என்று எத்தனை முறை பார்த்தாலும் சொல்ல முடிவதில்லை. பிறகு ஒரு வெட்டு, பழுப்பு நிறத்திலிருந்து படம் பச்சைக்கு வருகிறது, சத்தம் நிற்கிறது. தறி நின்றதும் அப்பா கண் திறப்பாரே, அதேபோல எனக்கு முழு விழிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

இந்த விளைவு நான்கு நிமிடம் இல்லாமல் கிடைக்காது. சத்தம் பழகிப்போய்க் காதிலிருந்து மறைய நேரம் வேண்டும். மறைந்த பிறகே அதை மாற்ற முடியும். மாற்றிய பிறகே நிறுத்துவதற்குப் பொருள் உண்டு. ஐம்பது நொடியாகச் சுருக்கினால், மூன்று பேர் ரயில் வண்டியில் போனார்கள் என்ற செய்தி மட்டும் மிஞ்சும். விண்கலமோ வேற்றுலக உயிரோ இல்லாமல், சிறப்பு ஒப்பனை எதுவும் இல்லாமல், வேறோர் உலகத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று நம்ப வைக்கிற படம் இது. அந்த நம்பிக்கை முழுக்க முழுக்க நேரத்தைக் கொண்டே செய்யப்பட்டது.

நவம்பர் 9

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது. இந்தப் படத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்த சித்தப்பா அந்தத் தள்ளுவண்டிக் காட்சியில் கேட்டார்: "ஏங்கண்ணு, இந்த வண்டி எந்நேரத்துக்குப் போய்ச் சேரும்?" கேலியாகக் கேட்டதுதான். ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளரின் மனத்திலும் பேராசிரியரின் மனத்திலும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது. சித்தப்பா அவர்களோடு ஏறிக்கொண்டுவிட்டார் என்றே அதை எடுத்துக்கொள்கிறேன். மழை பெய்யும் காட்சிக்கு முன்பே எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 16

திருப்பூர் வாசகர் ஒருவர், 'ஸ்டாக்கர்' காட்டும் மண்டலம் தனக்குப் புதிதாகத் தெரியவில்லை என்றும், ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்களுக்கு அது பழகிய இடம் என்றும் ஒரே வரியில் எழுதியிருக்கிறார். கடந்த வாரம் முழுவதும் அந்த வரி என்னை விடவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கியதால், வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. வழக்குகள் நடந்தன, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அணை இருக்கிறது, ஆறு இருக்கிறது, தண்ணீரும் தெரிகிறது. கையை நனைக்கத்தான் யோசனை வரும்.

'ஸ்டாக்கர்' எஸ்தோனியாவில், தாலின் நகருக்கு அருகே யாகலா ஆற்றங்கரையில், கைவிடப்பட்ட நீர்மின் நிலையங்களை ஒட்டிப் படமாக்கப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியில் இருந்த ரசாயன ஆலை விட்ட கழிவால் நுரை மிதந்து வந்ததையும், படக்குழுவினர் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டதையும் ஒலிப்பதிவாளர் விளாதிமிர் ஷாருன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தார்க்கோவ்ஸ்கியும் நடிகர் அனதோலி சோலனீட்சினும் பின்னர்ப் புற்றுநோயில் இறந்ததை அதோடு தொடர்புபடுத்தியும் அவர் பேசியிருக்கிறார். அது அவருடைய ஐயம், நிறுவப்பட்ட செய்தி அல்ல. மழை பிடித்தால் நொய்யலில் பொங்கும் நுரையை நாம் பாலத்தில் நின்று கைப்பேசியில் எடுக்கிறோம். அவர்கள் அந்த நுரைக்கு நடுவில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள்.

இதனால் படத்தின் வேகம் பற்றி எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அந்த மண்டலத்தில் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. புல்லும் தண்ணீரும் பறவையின் குரலுமாக அழகாகவே இருக்கிறது. வழிகாட்டி, துணி கட்டிய திருகுமரையை முன்னால் எறிந்து, அது விழுந்த இடம் வரைதான் நடக்கச் சொல்கிறான். பாய்ந்து வரும் விலங்கைக் காட்ட வேகமான வெட்டுகள் போதும். தண்ணீருக்குள் கரைந்திருக்கும் ஒன்றை எப்படிக் காட்டுவது? தண்ணீரைக் காட்டி, அதையே காட்டிக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் பார்ப்பவருக்கே அதன்மேல் சந்தேகம் வந்துவிடும். ஒரத்துப்பாளையத்தை ஐந்து நொடி காட்டினால் அது ஒரு சுற்றுலாப் படம்.

நவம்பர் 23

இதுவரை படைப்பாளிகளைப் பற்றியே பேசிவிட்டேன். நாம் இந்தப் படங்களைப் பார்க்கும் முறையும் கொஞ்சம் பேசப்பட வேண்டும்.

முதலாவது, இடைவேளை. நம் படங்கள் இடைவேளையை எண்ணியே எழுதப்படுகின்றன. அதை எண்ணாமல் எடுத்த அயல்நாட்டுப் படத்தை நம் திரையரங்குகள் நேரக் கணக்கில் நடுவே வெட்டுகின்றன. டெனி வில்னவின் 'அரைவல்' (2016) பார்க்கப் போனபோது, ஓர் அரங்கில், பேசிக்கொண்டிருந்த ஆளின் வாக்கியம் முடிவதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கோபத்தோடு வெளியே போய்ப் பாப்கார்ன் வாங்கியவர்களில் நானும் ஒருவன். '2001' படத்துக்கோ இயக்குநரே வைத்த இடைவேளை உண்டு: இரண்டு மனிதர்களும் கலத்துக்குள் கதவை மூடிக்கொண்டு ரகசியம் பேச, ஹால் கண்ணாடி வழியே அவர்களின் உதட்டசைவைப் படிக்கிறது, அங்கே படம் நிற்கிறது. தமிழ்ப்படத்து இடைவேளைத் திருப்பத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, மொழிமாற்றம். சில மொழிமாற்றப் படங்களில் அமைதியைக் கண்டாலே பயம். நடிகர் முதுகைக் காட்டி நின்றால் போதும், அவர் வாயில் ஒரு நகைச்சுவை வசனத்தைத் திணித்துவிடுகிறார்கள். சிரிப்பு வருகிறது என்பதையும் மறுக்கவில்லை. முதுகு காட்டி நின்றவர் என்ன நினைத்தார் என்று நாம் யோசிக்க இருந்த நேரம் மட்டும் போய்விடுகிறது.

டிசம்பர் 6

"தமிழனுக்குப் பொறுமை கிடையாது, அதனால்தான் இங்கே இப்படிப் படம் வருவதில்லை" என்று இரண்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். இதை நான் ஏற்கவில்லை.

கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதே வேடிக்கை. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடினால் ஓர் இரவில் முடியாது. பல இரவுகள் போகும். 1965இல் மானுடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பகுதியில் தங்கி ஒலிப்பதிவு செய்த கதையும் அப்படி இரவு இரவாகப் பாடப்பட்டதே. பொன்னரும் சங்கரும் படுகளத்தில் சாகப் போகிறார்கள் என்பது கூட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் உட்கார்ந்து கேட்டார்கள். சினிமாவிலும், கதையை அப்படியே நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பாட்டுக் கேட்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வேறுபாடு பொறுமையில் இல்லை, தெரிந்த கதைக்கும் தெரியாத கதைக்கும் நடுவில் இருக்கிறது. தெரிந்த கதையில் நடுவே கண்ணயர்ந்தாலும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். அறிவியல் புனைவில் உலகத்தின் விதிகளே தெரியாது. மெதுவாகவும் சொல்லி, விதியையும் சொல்லாமல் வைத்தால், பிடித்துக்கொள்ளக் கொம்பே இல்லை என்று பார்வையாளர் நினைக்கிறார். ஈரோட்டு வாசகரின் எரிச்சலுக்கு இதுதான் வேர் என்று எனக்குப் படுகிறது. அந்த எரிச்சல் நியாயமானதுதான்.

நம்மிடம் விதை இல்லாமலும் இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பாக 1952லேயே 'காடு' எடுத்தது. காட்டுக்குள் அழிந்துபோன மாமத யானைகள் (மாமூத்) உயிரோடு இருக்கின்றன என்பது கதை. 1963இல் வந்த 'கலை அரசி'யில், கலை வளராத வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பூமியிலிருந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பானுமதி பாடகி, எம்.ஜி.ஆர். மீட்கப் போகிறவர். அந்தக் கருவைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பாருங்கள். வானத்தைக் கடக்கும் அறிவு இருக்கிறது, ஒரு பாட்டுப் பாடத் தெரியவில்லை. முதன்முதலாக ஒரு குரலைக் கேட்கும் அந்தக் கிரகத்து மனிதனின் முகத்தில் கேமராவை இரண்டு நிமிடம் நிறுத்த ஒருவர் துணிந்திருந்தால்!

டிசம்பர் 7

"'எந்திரன்' எந்தக் கணக்கில்?" என்று கேட்டவருக்கு: எந்தக் கணக்கிலும் இல்லை, எனக்குப் பிடிக்கும். சிட்டி தன்னைத்தானே கழற்றிப் போட்டுக்கொள்ளும் காட்சி மட்டும் இந்த இழையில் சேர்க்கத் தகுந்தது. அங்கே படம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

டிசம்பர் 20

எதிர்க்கட்சிக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். 'சொலாரிஸ்' நாவலை எழுதிய ஸ்தனிஸ்லாவ் லெம்முக்கே தார்க்கோவ்ஸ்கியின் படம் பிடிக்கவில்லை. தன் நாவலை விட்டுவிட்டு தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' எடுத்துவிட்டார் என்று குறைப்பட்டார். நாவலின் மையம் சொலாரிஸ் கிரகத்தை மூடியிருக்கும் கடல்: தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தும் மனிதனுக்குப் பிடிபடாத ஓர் அறிவு. படத்தின் மையம் இறந்துபோன மனைவியும் கணவனின் குற்ற உணர்வும். லெம் பக்கம் நியாயம் இருக்கிறது. தெரியாததன் முன்னால் காத்திருப்பது என்று தொடங்கி, எப்போதும் தெரிந்திருந்த வீட்டுத் துயரத்துக்கே திரும்பிவிடுகிற பழக்கம் இந்த வகைப் படங்களுக்கு உண்டு. மெதுவாக இருப்பதாலேயே ஒரு படம் சிந்தித்துவிட்டதாக ஆகாது.

நீளத்தையும் மெதுவையும் ஒன்றாக்கிப் பேசுவதும் நிற்க வேண்டும். கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெட்டே' (1962) மொத்தமே 28 நிமிடம். ஏறக்குறைய முழுதும் அசையாத புகைப்படங்களின் வரிசை. ஓர் இடத்தில் மட்டும், தூங்கும் பெண் கண்ணைத் திறந்து இமைக்கிறாள். அந்த ஓர் அசைவுக்காகக் காத்திருந்தோம் என்பதே அது நடந்த பிறகுதான் தெரிகிறது.

நோலனின் 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) வேகமான படம். இந்த ஆண்டு பிப்ரவரியில் மறுவெளியீடாகப் பெரிய திரையில் பார்த்தபோது, அலை எழும் கிரகத்தில் கூட்டம் கத்தியது. ஒரு மணி நேரம் அங்கே இருந்தால் பூமியில் ஏழு ஆண்டு என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கூட்டம் உண்மையிலேயே அடங்கியது அடுத்த காட்சியில். பூமியில் விட்டுவந்த தன் பிள்ளைகளிடமிருந்து இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த செய்திகளை விண்வெளி வீரன் கூப்பர் உட்கார்ந்து பார்க்கிறான். கேமரா அவன் முகத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. எனக்கு முன் வரிசையில், படம் தொடங்கியதிலிருந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

2026 ஜனவரி 4

ஈரோட்டு வாசகர் 'அரைவல்' பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பிடித்திருக்கிறது, ஆனால் கட்சி மாறவில்லை என்கிறார். "அது மெதுவான படம் அல்ல, வேலை நடக்கும் படம்" என்பது அவர் வாதம்.

எனக்குக் கிடைத்த நல்ல வாக்கியம் இது. டெட் சியாங்கின் சிறுகதையிலிருந்து எடுத்த அந்தப் படத்தில் மொழியியலாளர் ஒரு பலகையில் தன் இனத்தின் பெயரை எழுதிக் காட்டுகிறார், காத்திருக்கிறார். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் வேற்றுலக உயிர்களிடமிருந்து ஒரு மை வளையம் பதிலாக வருகிறது. அதைப் படிக்கத் தெரியாது, குறித்துக்கொண்டு திரும்புகிறார்கள், மறுநாள் மறுபடி போகிறார்கள். காற்று நஞ்சா என்று அறியக் கூண்டில் எடுத்துப் போன சின்னப் பறவையின் கீச்சொலி மட்டும் அந்தப் பெரிய கூடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்திலோ வயலிலோ வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அறிவு சேர்வது இந்த வேகத்தில்தான். அறிவியல் செய்யப்படும் வேகத்தில் அறிவியல் புனைவு ஓடினால், ஈரோட்டுக்காரருக்கு அது வேலை. மற்றவர்களுக்கு அது மெது. நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது ஒரே பொருளுக்காகத்தான் போலிருக்கிறது.

அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார். நேராக 'ஸ்டாக்கர்' வேண்டாம். முதலில் 'லா ஜெட்டே', பிறகு '2001'. 'பிளேட் ரன்னர் 2049' (2017) பற்றியும் கேட்டார். 163 நிமிடம். அனாதை இல்லத்து உலைக்குள் கையை விட்டு, நாயகன் 'கே' தன் நினைவில் இருந்த மரக்குதிரையை எடுக்கும் வரை ஒவ்வொரு நொடியும் தேவையானது, ஏனென்றால் அது அங்கே இருக்கக் கூடாது என்றும் இருக்க வேண்டும் என்றும் அவன் ஒரே நேரத்தில் காத்திருக்கிறான். நகரத்தின்மேல் பறக்கும் காட்சிகளில் யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை. அங்கே பத்து நிமிடத்தைக் கத்தரித்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. மறுப்பவர்கள் எந்தக் காட்சி என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "மொத்தப் படமுமே நீளம்" என்று எழுதுபவர்களுக்குப் பதில் வராது.